கன்னிப் பிறப்பும் கடவுட்டன்மையும்

கொழும்பு கொட்டாஞ்சேனையிலே புனித லூசியா பேராலயமும் தீபதுத்தாராம விகாரையும் ஒன்றுக்கொன்று அயலில் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விகாரையில் வாழ்ந்தவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் (1823–1890). 1862 இல் பௌத்தப் பிரசாரத்துக்கென ஒரு சங்கம் அமைத்துப் பாதிரிமாரின் துண்டுப் பிரசுரங்களுக்குத் துண்டுப் பிரசுரங்களாலேயே விடையிறுத்தவர் அவர். 1873 ஆகஸ்டு 26, 28 ஆகிய நாட்களிற் பாணந்துறையிலே வெஸ்லியன் சபைப் போதகர் டேவிட் டி சில்வாவுடன் அவர் நிகழ்த்திய பகிரங்க வாதம் இலங்கை வரலாற்றிற் பிரசித்தமானது.

அவ்வாதத்திற் குணானந்தர் யேசுவின் பிறப்பையும் எடுத்துக்கொண்டார். பெரியோர் பிறக்கும்போது நன்னிமித்தம் தோன்றும். யேசு பிறந்தபோதோ ஏரோது மன்னன் பச்சிளங் குழந்தைகளைக் கொல்வித்தான். இது என்ன நிமித்தம் என்பது அவர் வினா. கூர்ந்து நோக்குவோமாயின் இவ்வினா நிமித்தத்தின் நன்மை தீமையைப் பற்றியதேயன்றி, அற்புதம் நிகழுமா என்பதைப் பற்றியதன்று என்பது புலனாகும்.

யாழ்ப்பாணத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. சரவணப் பொய்கையிற் கந்தன் தோன்றிய கதையை மிஷனரிமார் எள்ளி நகையாடினர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து அந்நூலைத் துறைபோகக் கற்ற ஆறுமுக நாவலர், 1854 இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியபோது எதிரியின் வேதத்திலிருந்தே எதிரிக்கு விடை கூறினார். ஆயினும் சைவ சித்தாந்தியின் உண்மையான மறுப்பு வேறிடத்தில் இருந்தது. சிவன் கருவில் உற்பவிப்பதில்லை என்பது அவன் துணிபு. எனவே கடவுள் கன்னி வயிற்றிற் பிறந்தாரா, மணமானவள் வயிற்றிற் பிறந்தாரா என்பது அவனுக்குப் பிரச்சினையே அன்று. பிறந்தார் என்பதே பிரச்சினை.

நம்மைச் சுற்றிலும் இத்தகைய கதைகள் மலிந்துள்ளன. மட்டக்களப்புக் கண்ணகி வழக்குரையிலே கண்ணகி மாங்கனியிலிருந்து தோன்றிப் பேழையிற் கடலில் விடப்படுகிறாள். சிங்கள மக்களின் பத்தினி தெய்வமும் மாங்கனியிற் பிறந்தவளே. மகாவம்சம் விசயனின் தந்தையைச் சிங்கத்துக்குப் பிறந்தவனாக்குகிறது. குந்தி சூரியனாற் கர்ணனைப் பெற்ற பின்னரும் கன்னியாகவே இருந்தாள் என்கிறது பாரதம். மாயாதேவி வெள்ளை யானையைக் கனவிற் கண்டு கருவுற்றாள் என்பதைப் பௌத்தச் சிறுவரும் அறிவர்.

இவ்விடத்தில் நம்மவர் சிலருக்கு ஒரு வார்த்தை. பகுத்தறிவின் பெயரால் வெளிவரும் பிரசுரங்களிலே கிருஷ்ணன், மித்திரன், புத்தர் அனைவரும் கன்னியர் வயிற்றிற் பிறந்தவர்கள் என ஒரு பட்டியல் அடிக்கடி காணப்படுகிறது. கிருஷ்ணன் தேவகியின் எட்டாம் பிள்ளை. மித்திரன் பாறையிலிருந்து தோன்றியவனாகவே உரோமச் சிற்பங்களில் உள்ளான். சுத்தோதனனை மணந்த மாயாதேவியைக் கன்னி என்று பாளி நூல்கள் கூறுவதில்லை. பொய்யான பட்டியலைக் கொண்டு புராணத்தைச் சாடுபவன் தானும் ஒரு புராணமே செய்கிறான். உண்மையான சான்றுகளுக்கு என்ன பஞ்சம்?

எகிப்திலே கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட அற்செப்சுத் அரசி, அமூன் தேவன் தன் தந்தையின் வடிவில் வந்து தன் தாயைக் கூடித் தன்னைப் பெற்றதாகக் கோயிற் சுவரிலே செதுக்குவித்தாள். பெண்ணொருத்தி அரியணை ஏறுவதற்கு அந்தச் சுவர் வேண்டியிருந்தது. அலெக்சாந்தரின் தாயைச் சர்ப்ப வடிவில் ஒரு தேவன் அணுகினான் என்பர். உரோமப் பேரரசன் அகஸ்துவைப் பற்றியும் அவ்வாறே கதை வழங்கிற்று. அவன் நாணயங்கள் அவனைத் ‘தெய்வ மைந்தன்’ என்றே பொறித்தன. இவை பெரும்பாலும் கன்னிப் பிறப்புக் கதைகள் அல்ல; தேவனும் மானிடப் பெண்ணும் கூடும் கதைகள். வேற்றுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆள்பவனின் அதிகாரத்துக்கு வானத்திலிருந்து உறுதிப்பத்திரம் பெறுவதே இவற்றின் பயன் என்பது வெளிப்படை.

இனி யேசுவின் பிறப்புக்கு வருவோம். கிறித்தவ நூல்களுள் மிகப் பழையன பவுலின் நிருபங்கள், கி.பி. 50ஐ அடுத்த ஆண்டுகளில் எழுதப்பட்டவை. அவற்றிலே கன்னிப் பிறப்புப் பற்றிய பேச்சே இல்லை. யேசு ஒரு பெண்ணிடத்திற் பிறந்தார் என்ற அளவிலே பவுல் நின்றுவிடுகிறார். கி.பி. 70ஐ ஒட்டி எழுந்த மாற்கு சுவிசேஷம் ஞானஸ்நானத்திலிருந்தே கதையைத் தொடங்குகிறது. பின்னெழுந்த மத்தேயுவும் லூக்காவுமே கன்னிப் பிறப்பைக் கூறுகின்றனர். அவர்களும் யோசேப்பின் வழியாகத் தாவீதுக்கு இரு வேறு வம்சாவளிகளைத் தருகின்றனர். யோசேப்பு தந்தை அல்லன் எனின் அவன் வமிசம் எதற்கு?

மத்தேயு காட்டும் ஆதாரம் ஏசாயாவின் வாக்கு. ஏசாயா எழுதிய எபிரேயச் சொல் ‘அல்மா’. இளம்பெண் என்பது அதன் பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனைப் ‘பார்த்தெனோஸ்’ என்றனர். அது கன்னியைக் குறிக்கும் சொல். தமிழ் விவிலியத்திலும் ‘கன்னிகை’ வந்தமர்ந்தாள். 1952 இல் வெளியான திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு ‘இளம்பெண்’ என்று மாற்றியபோது அமெரிக்கப் போதகர் ஒருவர் அந்தத் தாளையே தீயிலிட்டார். ஒரு சொல்லின் மேல் எத்துணைப் பாரம் ஏற்றப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனாற் கன்னிப் பிறப்பை மறுத்துவிட்டால் யேசுவின் கடவுட்டன்மையையும் மறுத்ததாகும் என்று எண்ணுவது தவறு. குர்ஆன் மர்யமின் கன்னிமையை ஏற்கிறது. அவள் மகனின் கடவுட்டன்மையை மறுக்கிறது. தந்தையின்றிப் பிறந்த ஆதாமையே அது உவமை காட்டும். பவுலோ கன்னிப் பிறப்பைப் பேசாமலே யேசுவை வானளாவ உயர்த்தினார். ஆகவே இவை இரு வேறு வழக்குகள். இரண்டாம் நூற்றாண்டிலே யுஸ்தீன் என்னும் கிறித்தவ அறிஞர் உரோமப் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில், கன்னிப் பிறப்பு நீங்கள் பெர்சியசுக்குச் சொல்வது போன்றதே என்று கூசாமற் கூறியுள்ளார். பிற்காலத்தார்க்கு அந்தத் துணிவு இல்லாது போயிற்று.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. அகஸ்து அரண்மனைக்குரிய பட்டத்தை நாசரேத்துத் தச்சன் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் யார்? உரோமருக்கு வரி செலுத்திய யூத நாட்டின் எளிய மக்களிடையிலிருந்தே இவ்வியக்கம் எழுந்தது. லூக்கா மரியாளின் வாயில் வைத்துள்ள பாட்டு, வல்லவர் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும் பசித்தோர் நிறைவதையும் பாடுகிறது. அரசரின் ஆயுதத்தை ஏழைகள் பறித்துக்கொண்ட கதை அது. கி.பி. 325 இல் நைசியாவிலே கொன்ஸ்தந்தீன் பேரரசன் ஆயர்களைக் கூட்டி யேசுவின் கடவுட்டன்மையை வரையறுப்பித்தபோது ஆயுதம் மீண்டும் அரசன் கைக்கே போயிற்று. அக்கொள்கையே பின்னர்ப் போர்த்துக்கேயரின் கப்பல்களில் இலங்கைக்கும் வந்தது.

கொட்டாஞ்சேனையிலே வாதம் வாதமாகவே நிற்கவில்லை. 1883 மார்ச்சு 25, ஈஸ்டர் ஞாயிறன்று, குணானந்தரின் விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுத் தெருவில் இரத்தம் சிந்தியது. அதன் பின்விளைவாகக் கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்று பௌத்தர் சார்பில் முறையிட்டார். 1885 முதல் வெசாக் விடுமுறை நாளாயிற்று. அது நியாயமான உரிமையே. ஆயினும் வாதமேடையின் வெற்றி தோல்விகளில் துறைமுகக் கூலியாளுக்குக் கிடைத்தது யாது?

கலகம் நிகழ்ந்து பத்தாண்டு கழிந்து, 1893 இற் கொழும்பிலே கேவ் கம்பனியின் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். இலங்கையின் முதற் தொழிற்சங்கம் அப்போதே உருவாயிற்று. அதன் தலைவர் உரோமச் சபையினின்றும் பிரிந்த கத்தோலிக்கரான டாக்டர் லிஸ்போவா பின்டோ. செயலாளர் கிறித்தவத்தை விட்டுப் பௌத்தரான ஏ. ஈ. புல்ஜென்ஸ். அவர்கள் முன் இருந்த பிரச்சினை கூலி.