திண்ணையின் உயரமும் சமூக உறவும்: அரியாலையை முன்வைத்து

வீட்டுத் திண்ணையின் உயரமும் அதிலிருந்து இறங்கும் படிகளின் அளவும் கட்டட விதிகளுக்கு மட்டுமே உரிய விடயங்கள் போலத் தோன்றும். யாழ்ப்பாணச் சமுதாய வரலாற்றை நோக்குவோருக்கோ அவை வெறும் அளவுகளல்ல என்பது புலனாகும்.

அரியாலை கடனீரேரியை அடுத்த தாழ்நிலம். மாரிநீர் தேங்கும் இத்தகைய மண்ணில் தளத்தை உயர்த்தியே வீடு கட்டுதல் வேண்டும். திண்ணை உயர்ந்தமைக்குப் பௌதிக அடிப்படை இதுவே. 2008 நவம்பரில் நிஷா புயலையொட்டிக் குடாநாட்டை மூழ்கடித்த வெள்ளம் இத்தேவையை மீண்டும் உணர்த்திற்று.

ஆயின், நீருக்கு அஞ்சி எழுப்பிய உயரம் ஆதிக்கத்தின் உயரமாகவும் அமைந்தது. நிலவுடைமையாளர் திண்ணையில் அமர்ந்தனர். அவர் நிலத்தில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள் முற்றத்தில் நின்றனர். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை அடிமைமுறைக்கு இடமளித்தது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நிலவுறவு மாறாமையின் நிற்கும் இடமும் மாறவில்லை. 1930ஐ ஒட்டிப் பாடசாலைகளில் எழுந்த சம ஆசனப் போராட்டமும், நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கில் அமரும் உரிமை பற்றியதே.

எழுதப்பட்ட விதிகள் வேறு திசையில் வளர்ந்தன. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒழுங்குவிதிகளும் கட்டடத்தை அளந்தன. திண்ணையில் யார் ஏறலாம் என்பதை அவை கேட்கவில்லை. அதனைக் கேட்டது 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். அதுவும் கோயில், தேநீர்க்கடை, பாடசாலை முதலிய பொதுவிடங்களையே நோக்கிற்று. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம், சட்டம் தானாகக் கதவைத் திறப்பதில்லை என்பதை மெய்ப்பித்தது.

போர் இன்னொரு வினாவை எழுப்பியுள்ளது. காலிழந்தோருக்கும் முதியோருக்கும் படியே தடை. சரிவுப் பாதைக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் விகிதம் 12க்கு 1. அதன்படி 2 அடி உயரத் திண்ணைக்கு 24 அடி நீளப் பாதை தேவை. விசாலமான வளவுடையோருக்கு இது எளிது. துண்டுக் காணியில் வாழும் உழைப்பாளிக்கு அரிது. அளவு எல்லோருக்கும் ஒன்றே. அதனை நிறைவேற்றும் வசதி வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகிறது.

ஆகவே, நீர் எவ்வளவு உயரும் என்பதோடு, யார் ஏற வேண்டும், அதற்கான நிலம் அவரிடம் உண்டா என்பனவும் திட்டமிடலின் வினாக்களாதல் வேண்டும். நிலப் பிரச்சினையை ஒதுக்கிவிட்டுப் படியின் அளவை மட்டும் திருத்துவது பழைய முற்றத்தைப் பேணுவதாகவே முடியும் என்பது எமது கருத்து.