புதியது எது?

ஓர் ஆவணம் நம் கைக்கு வந்தால், அது எப்பொழுது எழுதப்பட்டது என்று கேட்பதே சரித்திர மாணவனின் முதற்கடமை. ஏட்டுக்கும் சாசனத்துக்கும் உரிய இக்கேள்வி கணிப்பொறிக் கோப்புக்கும் உரியதே. நூற்றுக்கணக்கான கோப்புகளுள் மிக அண்மையில் எழுதப்பட்டவற்றை மட்டும் தேர்ந்து நகல் எடுத்து வைக்க வேண்டுமென்று கொள்வோம். எளிய பணிதான், எனினும் அதற்கென ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் இயங்கிய பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், 1969-ஆம் ஆண்டு கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையை உருவாக்கத் தொடங்கினர். 1971 நவம்பரில் தோன்றிய அதன் முதற் கையேட்டிலேயே எல்.எஸ். என்ற ஆணை காணப்படுகிறது. அது கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தருவது. அதனோடு 'டி' என்ற எழுத்தைச் சேர்த்தால், கடைசியாக மாற்றப்பட்ட கோப்பு முதலில் நிற்கும். ஒவ்வொரு கோப்பும் மாற்றப்பட்ட நேரத்தை யூனிக்ஸ் குறித்து வைப்பதே இதற்கு ஆதாரம். 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக அந்நேரம் எண்ணப்படுகிறது.

பட்டியல் கிடைத்துவிட்டது, அதில் முதல் ஐந்தை மட்டும் எடுப்பது எவ்வாறு? தோட்டத்தில் ஒரு குழாயோடு மற்றொரு குழாயைப் பூட்டுவதுபோல் ஒரு நிரலோடு மற்றொரு நிரலை இணைக்க வேண்டுமென்று டக்ளஸ் மக்கில்ராய் 1964-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 1973-இல் தாம்ப்ஸன் அக்கருத்தை யூனிக்ஸில் நிறைவேற்றினார். அது முதல் ஓர் ஆணையின் விடை அடுத்த ஆணையின் வினாவாயிற்று. எல்.எஸ். தரும் பட்டியலில் முதல் வரிகளை 'ஹெட்' பிரித்தெடுக்கும். அப்பெயர்களை 'எக்ஸ்ஆர்க்ஸ்' வாங்கி, நகலெடுக்கும் சி.பி. என்ற ஆணையிடம் ஒப்படைக்கும். கோப்பின் பெயருக்குள் இடைவெளி இருப்பின் எக்ஸ்ஆர்க்ஸ் அதனை இரு பெயர்களாக எண்ணி மயங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

காலக் குறிப்பை மறந்தால் நேரும் இழப்புக்கு அக்கூடத்திலேயே ஒரு சான்று உண்டு. ஸ்டீவ் ஜான்ஸன் என்பவர், பிழை திருத்தி முடித்த நிரலில் பிழை தேடிக் காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கினார். மூலத்தைத் திருத்தியவர், அதனை மீண்டும் இயந்திர மொழிக்கு மாற்ற மறந்திருந்தார். அவர் வந்து நொந்துகொண்டதே தமக்குத் தூண்டுதல் என்கிறார் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அவர் 1976-இல் படைத்த 'மேக்' என்னும் கருவி, நேரங்களை ஒப்பிட்டு, மூலம் எங்கே புதியதோ அங்கே மட்டும் வேலையை மறுபடி செய்யும்.

1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெரஸ் இருவரும் 'ஆர்சிங்க்' என்பதை வெளியிட்டனர். அளவும் நேரமும் ஒத்த கோப்புகளை அது விட்டுவிடும். மாறியவற்றிலும் மாறிய பகுதிகளை மட்டுமே வலைப்பின்னல் வழியே அனுப்பும்.

இனி, மாணவர்கள் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சி.பி. ஆணையை வெறுமனே இட்டால், நகலின் மீது பதிவது எழுதிய நேரமன்று; நகலெடுத்த நேரமே. சென்ற மாதக் கட்டுரையை இன்று நகலெடுத்தால் அது இன்றைய கோப்பாகத் தோற்றமளிக்கும். நாளை 'மிகப் புதியது' எதுவென்று தேடும்பொழுது பழையது முன்னே வந்து நிற்கும். அதனை நம்பித் திருத்திய கட்டுரையின்மேல் எழுதிவிட்டால், பல நாள் உழைப்பு எச்சரிக்கையின்றி அழிந்துபோம். 'பி' என்ற எழுத்தைச் சேர்த்து ஆணையிட்டால் பழைய நேரமே நகலிலும் நிலைக்கும்.

ஆகவே, கோப்பு காட்டும் தேதியைக் கண்டதும், எழுதிய நாளா, பெயர்த்தெழுதிய நாளா என்று கேட்டுப் பாருங்கள். பழஞ்சுவடியை ஆராய்பவரும் இதனையே கேட்கின்றனர். விடை தெரிந்த பின்னரே நகலெடுக்கும் ஆணையை இடுங்கள்.