ஏழையின் கூரையில் கதிரவன்

திருவண்ணாமலை ஒளிக்குப் பெயர்பெற்ற ஊர். ஐம்பூதத் தலங்களுள் இது நெருப்புக்கு உரியது. கார்த்திகைத் திங்களில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில், கொப்பரையில் ஏற்றப்படும் தீபத்தை நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் கண்டு கைகூப்புகின்றனர். அவ்வொளிக்குச் செல்வர், வறியர் என்ற வேறுபாடு இல்லை. கதிரவன் ஒளிக்கும் அவ்வேறுபாடு கிடையாது. ஆயினும், அக்கதிரொளியை மின்சாரமாக்கிப் பயன்கொள்ளும் வாய்ப்பு மட்டும் எல்லார்க்கும் ஒருபடித்தாய் வந்து சேரவில்லை. அது ஏன் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய விரும்புகிறேன்.

ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டிலேயே பெக்கெரல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்டார். ஒளிக்கும் மின்னணுவுக்கும் உள்ள உறவை 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனால் ஆன மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் சூரிய ஆற்றலையும் காற்றாற்றலையும் பற்றிய உலகக் கருத்தரங்கு ஒன்று நம் புது தில்லியிலேயே நடந்தது. எனினும் புதிய கலம் புகழ்பெற்றது குடிசையில் அன்று, வானில்! 1958-இல் ஏவப்பட்ட வான்கார்டு என்னும் செயற்கைக்கோளில் அது இயங்கியது. 1977-இல்கூட ஒரு வாட்டு மின்கலத்தின் விலை ஏறத்தாழ 76 டாலர். இன்றோ அது அரை டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது.

விலை இறங்கினால் மட்டும் பொருள் ஏழையின் வீடு சேர்ந்துவிடுமா? சேராது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1950-களில் தில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தார் சூரிய அடுப்பு ஒன்றை அமைத்தனர். விறகும் எண்ணெயும் வேண்டாத அந்த அடுப்பு சிற்றூர்களை எட்டவில்லை. சுள்ளியும் வறட்டியும் காசின்றிக் கிடைத்த வீட்டார், விலை கொடுத்து வாங்கிய அடுப்பால் மிச்சம் பிடிப்பது ஒன்றும் இல்லை. உச்சிவெயிலில் நின்று சமைப்பதும், கதிரவன் மறைந்த பின் இரவு உணவை ஆக்க இயலாமையும் வேறு தடைகளாயின. இந்தப் பாடம் பின்னர் நமக்குப் பயன்படும்; நினைவில் வைத்துக்கொள்வோம்.

1989-இல் வட ஆர்க்காட்டினின்று பிரிந்து தனி மாவட்டமான திருவண்ணாமலையில் உழவரும் ஆரணிப் பட்டு நெசவாளரும் வாழ்கின்றனர். சவ்வாது மலையில் பழங்குடியினர் சிறுசிறு ஊர்களாய்ச் சிதறி வாழ்கின்றனர். மலையேறிக் கம்பம் நட்டு, சில வீடுகளுக்காகக் கம்பி இழுப்பது செலவு மிக்க வேலை. இத்தகைய இடங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலிருந்து மீள்வதற்கு, கூரைமேல் வைத்த மின்பலகையே நேரிய வழியாகும்.

தமிழ்நாட்டரசு 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ஊர்ப்புற ஏழைகளுக்கு 300 சதுர அடியில், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்பது இலக்கு. தொடக்கத்தில் வீடு ஒன்றுக்கு ஒதுக்கிய 1,80,000 ரூபாயில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கே உரியது. கூடம், படுக்கையறை, அடுக்களை, கழிப்பறை, திண்ணைப்புறம் என ஐந்திடத்தில் ஐந்து விளக்குகள். கொடை பெரிது. ஆனால் பலகை இருபது ஆண்டுக்கு மேலும் உழைக்கும். பேட்டரியோ சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். புதியது வாங்கக் கூலிவேலை செய்யும் குடும்பத்திடம் பணம் ஏது? ஆகவே விளக்கைத் தருவது பாதி வேலை. அதைப் பேணும் ஏற்பாட்டையும் உடன் தருவதே முழு வேலை.

1995-இல் பெங்களூரில் ஹரீஷ் ஹண்டே தொடங்கிய செல்கோ நிறுவனம் இந்த உண்மையை உணர்ந்தது. இலவசமாகக் கொடாமல், ஊர்ப்புற வங்கிகளின் கடனோடு விளக்கை விற்று, பழுது பார்க்கும் ஆட்களையும் அருகிலேயே அமர்த்தியது. அன்றாடம் பொருளீட்டும் தெருவணிகருக்கு மாதத் தவணையைவிட நாள் தவணையே எளிது என்பதையும் அறிந்து நடந்தது. ஹண்டேக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் நடுவணரசு, ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் மின்பலகை அமைக்க 75,021 கோடி ரூபாயில் பெருந்திட்டம் வகுத்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் எனில் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். ஆனால் தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். நூறு யூனிட்டுக்குள் வாழும் ஏழைக்குக் கட்டணமே இல்லை. கடன் பட்டு அவன் பலகை வைத்தால் மிச்சமாவது யாது? ஒன்றுமில்லை. சூரிய அடுப்பின் கதையே மீண்டும் நிகழ்கிறது. மிகுதியாய்ச் செலவிட்டு மிகுதியாய்க் கட்டணம் செலுத்தும் மாடிவீட்டாருக்கே மானியம் இனிக்கிறது. ஓலைக்கூரையோ பலகையைத் தாங்காது. வாடகைக்கு இருப்போர்க்குக் கூரையே சொந்தமில்லை.

இதற்கு வழி உண்டென்பது என் கருத்து. ஏழை வீட்டின் இலவச மின்சாரத்திற்கு விலை இல்லாமற் போகவில்லை. அதனை அரசு ஆண்டுதோறும் மின்வாரியத்திற்குச் செலுத்தி வருகிறது. ஒரு கிலோவாட்டுப் பலகை நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். இரு மாதத்திற்கு 240 யூனிட். ஆகவே ஏழையின் கூரையில் பலகை அமைந்தால் மிச்சப்படுவது அரசின் கருவூலம். பயன் பெறுபவரே முதல் இடுவது முறையன்றோ? அரசோ மின்வாரியமோ தன் பொறுப்பில் பலகை அமைத்து, நூறு யூனிட்டுக்கு மேல் விளைவதில் ஒரு பங்கை வீட்டாருக்குப் பணமாய்த் தரலாம். மின்வாரியமே முன்னின்று வீடுகளில் பலகை நிறுவ 2024-இன் இறுதியில் வெளியான நெறிமுறைகள் இடமளிக்கின்றன. கூரை தாங்காத குடியிருப்புகளுக்குப் பள்ளிக் கட்டடத்தின் மாடியையோ புறம்போக்கு நிலத்தையோ பொதுவாய்ப் பயன்படுத்தலாம்.

பலகை செய்யும் கலை நமக்குக் கைவந்துவிட்டது; விலையும் இறங்கிவிட்டது. எஞ்சியிருப்பது கணக்கைத் திருத்தி எழுதும் வேலையே. அதைச் செய்தால், சவ்வாது மலைச் சிற்றூரில் படிக்கும் குழந்தைக்கும், ஆரணியில் தறியில் அமரும் நெசவாளிக்கும், தம் கூரைமேல் விழும் வெயில் உண்மையிலேயே தம்முடையதாகும்.