தகடும் சந்திரனும்

ஹான்ஸ் ஹோர்பிகர் ஆஸ்திரியப் பொறியாளர். அவர் பெரிதாக எண்ணியது ஒன்று. சோறு போட்டது வேறொன்று.

அந்நாளில் இரும்பு உருக்கும் ஊதுலைகளுக்குக் காற்றடித்த இயந்திரங்களில் தோல் மடல்களே வால்வுகள். வேகம் கூடினால் அவை தாங்கா. 1895-ல் ஹோர்பிகர் அந்த இடத்தில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை வைத்தார். காற்றின் அழுத்தமே அதைத் திறந்தது, மூடியது. கம்ப்ரஸர்களுக்கும் அதுவே வழியாயிற்று. 1900-ல் புடாபெஸ்டில் அலுவலகம் திறந்தார். 1903-ல் வியன்னாவுக்கு வந்தார்.

மனமோ வானத்தில் திரிந்தது. சந்திரனைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது, அண்டமே பனியின் விளையாட்டு என்று 1913-ல் பெரும் புத்தகம் ஒன்று வெளியிட்டார். வானநூல் அறிஞர்கள் ஏற்கவில்லை. அவரும் மசியவில்லை, 1931-ல் மறைந்தார். 1969-ல் சந்திரனுக்குப் போனவர்கள் கொண்டு வந்தது கல்லும் மண்ணும்தான்!

தகட்டின் கதை அப்படி முடியவில்லை. 1925-ல் பொறுப்பேற்ற மகன் ஆல்பிரெட் 1945-ல் இறந்தார். போரில் நொறுங்கிய வியன்னாவில் அவர் மனைவி மார்ட்டினா தொழிலைக் கையில் எடுத்தார். வால்வுகளோடு, வாயு கசியாமல் காக்கும் வளையங்களையும் இன்று அந்நிறுவனம் செய்கிறது. அண்டத்தை விளக்க ஆசைப்பட்டவரின் பெயரை ஒரு சிறு தகடும் ஒரு விதவையின் உறுதியும் அல்லவா காப்பாற்றின!