நெஞ்சகத்துக் கருவியும் நீண்டகால விழிப்பும்



தளர்ந்து துடிக்கும் இருதயத்தை மின்சாரத்தின் துணைகொண்டு ஒழுங்காக இயங்கச் செய்யும் சிறு கருவிக்குப் பேஸ்மேக்கர் என்று பெயர். அதன் வரலாற்றைக் கூறுவோர் முதற் சத்திரசிகிச்சையையே பெரிதும் போற்றுவர். ஆயினும், அவ்வரலாறு புகட்டும் பாடம் சத்திரசிகிச்சைக்குப் பின்னரே தொடங்குகின்றது.

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில், ஆர்னே லார்சன் என்பவரின் உடலினுள் இக்கருவி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதனை ஆக்கியவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலாளர். பொருத்தியவர் ஓகே செனிங் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். அக்கருவி சில மணி நேரத்திலேயே ஓய்ந்தது. உடனே மற்றொன்று பொருத்தினர். 2001இல், தமது 86ஆவது வயதில் லார்சன் காலமாகும் வரை, 20க்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றப்பட்டன. அவரை 43 ஆண்டுகள் வாழ்வித்தது ஒரு கருவியன்று; பழுதை உரிய வேளையில் கண்டு திருத்திய விழிப்பே.

அப்பழுதுகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, மின்கலம் தேய்தல். 1970களில் லிதியம் மின்கலம் வந்தபின் கருவியின் ஆயுள் நீண்டதேயன்றி, முடிவில்லாததாகவில்லை. இரண்டாவது, இருதயத்துக்குச் செல்லும் கம்பியின் பழுது. ஓயாது வளைந்து நிமிரும் கம்பி, ஆண்டுகள் செல்லச் செல்ல முறியக்கூடும். தோலின் கீழுள்ள கருவியை நோயாளி தம்மையறியாமல் திருகுவதாலும் கம்பி சுருண்டு இடம்பெயரும். இதனை 1968இல் வைத்தியர்கள் கனடிய இதழொன்றில் விளக்கினர். மூன்றாவது, கிருமித் தொற்று.

பழைய மயக்கமும் தலைச்சுற்றும் மீள்வதும், நாடி குறைவதும், மூச்சு வாங்குவதும், ஓயாத விக்கலும் முதலிரு பழுதுகளுக்கு அறிகுறிகளாகலாம். கருவி வைத்த இடம் சிவத்தலும், வீங்குதலும், தோல் மெலிதலும், நீர் கசிதலும் தொற்றைக் காட்டுவன. அவ்விடத்தைக் கட்டியென்று கருதிக் கீறுதல் பெருந்தீங்கு.

பிலிமத்தலாவையில் வாழும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காய்ச்சலுக்கு அயலிலுள்ள வைத்தியரிடம் மருந்து பெறுகிறார். காய்ச்சல் தணிந்து, மீண்டும் வருகின்றது. கருவி பொருத்தி ஆறு ஆண்டுகள் கழிந்தமையால், அதனைக் கூற அவருக்குத் தோன்றவில்லை. தொற்றோ மருந்தினால் மறைந்து, கம்பி வழியே இருதயத்தை அணுகுகின்றது. பேராதனையிலும் கண்டியிலும் உள்ள பெரிய வைத்தியசாலைகள் அவருக்குத் தொலைவிலில்லை. அவரைத் தடுப்பது தூரமன்று, மறதியே.

ஆதலின், கருவி பொருத்தியோர் அதற்குரிய அட்டையை எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். எந்நோய்க்கு எவ்வைத்தியரிடம் சென்றாலும் அதனைக் காட்டுதல் வேண்டும். உடல் நலமாயிருப்பினும் குறித்த தவணையில் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும்.