வடசென்னையில் காற்று வாங்க இருந்த இடங்கள்



வரும் பொதுக்குழுவில், பின்பக்கக் காலியிடத்தைக் கார் நிறுத்துமிடமாக்கும் தீர்மானம் வருகிறது. கை தூக்குவதற்கு முன் கொஞ்சம் பழைய கணக்கைப் பாருங்கள்.

முதலில் கடற்கரை. மெரினா மாதிரி நமக்கு ஏன் இல்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். நம் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், அந்த மணல் தெற்கே தேங்கியது. அங்கே கரை அகன்றது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தார். வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் அரித்தது. இன்று எண்ணூர் சாலையில் போனால் கடலுக்கும் நமக்கும் நடுவே கருங்கல் குவியல். எங்கள் பேங்க் மொழியில் சொன்னால் ஒரே வவுச்சர்தான்: வரவு அவர்கள் கணக்கில், பற்று நம் கணக்கில்.

அடுத்தது பீப்பிள்ஸ் பார்க். 1859-இல் வந்த ஆளுநர் டிரெவெலியன், நெரிசலான கறுப்பர் நகரத்துக்குப் பக்கத்தில், சென்ட்ரலை ஒட்டி இதை அமைக்க ஏற்பாடு செய்தார். 116 ஏக்கர், குளங்கள், பேண்டு வாசிக்க மேடை, பிறகு மிருகக்காட்சி சாலை. அது என்ன ஆனது? விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை, அப்புறம் நேரு ஸ்டேடியம். 1985-இல் மிருகங்களும் வண்டலூர் போய்விட்டன. ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. பூங்காவைத்தான் காணோம். மிஞ்சியது மைலேடி பூங்கா என்ற துண்டு.

நம் பக்கம் நிலைத்தது ராபின்சன் பார்க்தான். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம், இன்றைய அறிஞர் அண்ணா பூங்கா. கட்சி எதுவானாலும், அவ்வளவு பேர் கூட ஊர் நடுவே ஓர் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதெல்லாம் உடம்புக்கு என்ன செய்யும் என்பவர்களுக்கு: 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய விவரப்படி, வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. அப்படிப் போகிறவர்களுக்கு மரம், தண்ணீர், குப்பை பற்றிய அக்கறையும் கூடுதலாக இருக்கிறது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. போவதால் அக்கறை வருகிறதா, அக்கறை உள்ளவர் போகிறாரா என்பது தனி விவாதம். ஆனால் எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் கலந்தபோது முதலில் குரல் கொடுத்தவர்கள் அந்தத் தண்ணீரில் தினம் இறங்கும் மீனவர்கள்தான்.

நம் காலியிடத்தில் மூன்று வேப்பமரங்கள். மதியம் வீட்டு வேலை செய்யும் அம்மாக்களும் டிரைவர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். கார் நெருக்கடி உண்மை. எனக்கும் கார் உண்டு. எத்தனை கார் நிற்கும், எந்த மரம் போகும் என்ற வரைபடத்தைத் தீர்மானத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டு வாருங்கள்.