பழைய படம் சொன்ன பெயர்

இறந்தவர் யாரென்று எக்ஸ்ரே படத்தால் கண்டுபிடிக்கும் முறைக்கு வித்திட்டவை, சைனஸுக்கும் காது நோவுக்கும் எடுத்த படங்கள்.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் ஒரு மோதிரமும் தெரிந்தன. மோதிரத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். எலும்பை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும், நெற்றியைப் பாருங்கள் என்று 1921-ல் எழுதினார் வியன்னா மருத்துவர் ஆர்தர் ஷுல்லர். புருவத்துக்கு மேலே எலும்புக்குள் காற்றறைகள் உண்டு. சளி கட்டினால் நம்மைப் பாடாய்ப் படுத்தும் சைனஸ் அறைகள். அவற்றின் விளிம்பு ஆளுக்கு ஆள் வேறு விதமாக நெளியும். ஒரே முகத்தில் இடமும் வலமும்கூட ஒத்துப்போகாது. உருவத்தில் ஒன்றாயிருக்கும் இரட்டையரிடமும் வேறுபடும். இருபது வயதையொட்டி வளர்ச்சி நின்றபின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை.

இந்த யோசனைக்குச் சோதனை வந்தது சிந்து நதியில். 1920-களில் இந்தியாவில் காணாமல்போன அமெரிக்கர் ஒருவருடையது எனக் கருதப்பட்ட உடல் அங்கே கிடைத்தது. உயிரோடிருந்தபோது அவருக்கு சைனஸையும் காதின் பின்னெலும்பையும் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். கல்பர்ட், லா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அந்தப் படங்களை மண்டையோட்டின் படங்களோடு ஒப்பிட்டார்கள். பொருந்தின. 1927-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அதை வெளியிட்டார்கள்.

ஒருவருக்குச் செய்ததைப் பலருக்குச் செய்யவேண்டிய நாள் 1949 செப்டம்பரில் வந்தது. கனடாவின் டொராண்டோ துறைமுகத்தில் நின்றிருந்த நோரானிக் கப்பல் எரிந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கருகிய உடல்களை எக்ஸ்ரே எடுத்து, பயணிகளின் பழைய படங்களோடு ஒப்பிட்டு, பலருக்குப் பெயரை மீட்டுக் கொடுத்தார் மருத்துவர் சிங்கிள்டன்.

இன்று சிடி ஸ்கேன் உடலை அறுக்காமலே முழுவதும் காட்டுகிறது. பல்லடைப்பு, பழைய முறிவு, எலும்பில் பூட்டிய தகடு எல்லாம் தெரியும். ஆனால் ஒப்பிட முந்தைய படம் இல்லையென்றால் எந்த இயந்திரத்தாலும் பெயர் சொல்ல முடியாது. பரணிலிருக்கும் எக்ஸ்ரே உறையைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள்.